ரேந்தை பின்னும் பெண்களுக்கு ஓர் இணையதளம்: ஓவிய வகுப்பில் செய்வது எப்படி

நாகர்கோவில் ரேந்தையை, அதாவது லேஸ் பின்னலை, 1820-களில் தொடங்கிவைத்தவர் மிஷனரி மார்த்தா மால்ட் என்று படித்திருப்பீர்கள். திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னிய நம் ஊர்ப் பெண்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதற்காகத்தான் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓவிய வகுப்பில் ஓர் இணையதளம் செய்தேன். யார் பெயர் மேலே, யார் முகம் பெரிதாக என்று முடிவெடுப்பதே பெண்ணியச் செயல்பாடு என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பிள்ளைகளிடம் பெயர்களை எண்ணச் சொல்லுங்கள். நியூயார்க்கின் கொரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு 1989-ல் இதைத்தான் செய்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று எண்ணிச் சுவரொட்டி அடித்தார்கள். நம் பிள்ளைகள், மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை எடுக்கலாம். 1859-ல் அந்த உரிமை பற்றி அறிவிப்பு வெளியிட்ட திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாளின் பெயர் உடனே கிடைக்கும். போராடிய பெண்களின் பெயர்கள் எத்தனை கிடைக்கின்றன? அந்த எண்ணிக்கைதான் முகப்புப் பக்கத்தின் பெரிய எழுத்து.

அப்புறம் போன் திரை அளவில் காகிதத்தில் வரையுங்கள். மேலே பெயர், அடுத்து கை, கடைசியில் ரேந்தை.

கருவி என்றால், எழுத நோட்பேடும் பக்கத்தை இணையத்தில் வெளியிட கிட்ஹப் பேஜஸ் தளமும் போதும். ஆயத்த வார்ப்புருக்கள் எனக்குப் பிடிக்காது. எது எங்கே வரவேண்டும் என்பதை அவையே முடிவுசெய்துவிடுகின்றன. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், வரி உயரம் 1.7. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இனி படங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால் படக் கோப்புக்குள் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும். படத்தை இறக்குபவர் படத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலையே கண்டுபிடிக்கலாம். எடுக்கும் முன்பே இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். எடுத்த படம் என்றால் விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் பகுதியில் தனிப்பட்ட தகவலை நீக்குங்கள். முகம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் படத்தையே வெட்டிச் சேமிக்க வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்ஸில் மறைத்தால் முழுப்படமும் கோப்பில் அப்படியே இருக்கும். இன்னொன்று: கிட்ஹப்பில் ஏற்றியபின் அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் தங்கும். ஆகவே சுத்தம் செய்வதெல்லாம் ஏற்றும் முன்பே.

பக்கத்தை வெளியிடும் முன் படத்தில் இருக்கும் அக்காவிடம் போனில் காட்டுங்கள். முழுப்பெயரா, வீட்டுப்பெயரா, எதுவும் வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். மாணவிகளுக்கு முதலெழுத்து போதும்.

பார்வையற்றவர்களுக்கான படவிளக்கத்தில் 'ரேந்தை பின்னும் பெண்' என்று முடித்துவிடாதீர்கள். ஒரு மாணவி இப்படி எழுதினாள்: 'இடது பெருவிரல் ஓரத்தில் நூல் அழுத்திய கோடு. மேசைவிரிப்பின் ஒரு மூலை இன்னும் முடியவில்லை.' இதுதான் விளக்கம்.

பின்சேர்க்கை: மார்த்தாண்டம் பக்கத்து ஆசிரியை ஒருவர், கணினி அறையில் இணையம் இல்லையே என்று கேட்டார். பரவாயில்லை. கோப்புறையைப் பென்டிரைவில் வைத்து முகப்புக் கோப்பைத் திறந்தாலே பக்கம் வரும். எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு சி.எஸ்.எஸ்ஸில் இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கணினியில் இருக்கும் எழுத்துருவில் தெரிந்து, வரிகள் இடம் மாறிவிடும்.