நான்கு பருவக் கூடாரம் வாங்கும் முன்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பெட்டியின் மேல் ‘நான்கு பருவக் கூடாரம்’ என்று அச்சிட்டிருந்தால், அது வெயில், மழை, காற்று, குளிர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் என்னிடம் விலை கேட்டு வருகிறார்கள். அந்தப் பெயர் மேலைநாட்டுக் கணக்கில் பிறந்தது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்றுக்கும் ஏற்றது மூன்று பருவக் கூடாரம். அவற்றோடு உறைபனி விழும் குளிர்காலத்தையும் தாங்குவது நான்கு பருவக் கூடாரம். கார், கூதிர் என்று ஆண்டை ஆறாகப் பிரித்த நமக்கு முன்பனியும் பின்பனியும் உண்டென்றாலும், நம் பனி புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. அந்தப் பெயரில் அடங்கியுள்ள பனியோ கூரைமேல் ஏறி உட்கார்ந்து கம்புகளை முறிக்கும் பனி. புதிதாக விழுந்த மென்பனி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்று சதுர மீட்டர் கூரையில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பனி சேரும்போது 45 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை, தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. ஈரப்பனி என்றால் எடை இன்னும் கூடும்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, கூடாரத்தை எங்கே விரிக்கப் போகிறோம் என்பதுதான். கீரிப்பாறைப் பக்கத்திலும் முட்டம் கடற்கரையிலும் தங்குவதற்கு மட்டும் என்றால், பனிக்கூடாரம் வாங்காதீர்கள். நம் சமவெளியில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வலை குறைந்து பெரும்பாலும் துணியால் மூடிய அந்தக் கூடாரத்துக்குள் படுத்தால், இட்லிப் பானைக்குள் படுத்ததுபோல் வியர்த்துக் கொட்டும். நமக்கு இங்கே தேவைப்படுவது காற்றையும் சாய்ந்தடிக்கும் மழையையும் தாங்கும் உறுதியான மூன்று பருவக் கூடாரம். மாறாக, குளிர்காலத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற மலைகளுக்கோ இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கோ சொந்தக் கூடாரத்தோடு போகிறவருக்கு நான்கு பருவக் கூடாரம் உண்மையாகவே வேண்டும். வழிகாட்டிக் குழுக்களோடு செல்லும் பெரும்பாலான பயணங்களில் கூடாரத்தை அவர்களே தந்துவிடுவார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல பனிக்கூடாரத்தின் விலை அரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள கூடாரச் சுவரை ஏறத்தாழ 9 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே சுவரின்மேல் 35 கிலோ சாய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கி வெளியேறுவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே ஆனி, ஆடி மாதங்களில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு முதல் பதில் கூடாரத்தின் வடிவம். இரண்டு கம்புகள் உச்சியில் ஒரே ஒரு இடத்தில் குறுக்கிடும் சாதாரணக் குவிமாடம்தான் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. அதன் நான்கு பக்கங்களிலும் தாங்கலில்லாத பெரிய துணிப்பரப்பு இருப்பதால், பக்கவாட்டுக் காற்றில் சுவர் உள்ளே குழிந்து படுத்திருப்பவர் முகத்தில் வந்து அடிக்கும். நான்கு அல்லது ஐந்து கம்புகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஜியோடெசிக் அமைப்பில் துணி சிறு சிறு முக்கோணங்களாகப் பிரிந்துவிடுவதால், எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் விசை எல்லாக் கம்புகளுக்கும் பகிர்ந்து போகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கட்டடக் கொள்கையை ஒட்டி, தி நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975இல் இவ்வகைக் கூடாரத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிமலைகளில் இன்றும் பெரும்பாலும் இதே அமைப்புதான். சுரங்க வடிவக் கூடாரங்களும் காற்றை நன்றாகத் தாங்கும், எடையும் குறைவு. ஆனால் வால்பக்கம் காற்றை நோக்கி இருக்க வேண்டும், முளை அடிக்காமல் அவை நிற்கவே நிற்காது. மருந்துவாழ் மலையைப் போன்ற பாறைத்தரையில் முளை இறங்காது என்பதால், நம் பக்கத்தில் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. கடையில் பார்க்கும்போது, கம்புகள் எத்தனை இடங்களில் குறுக்கிடுகின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால், கடுங்காற்றுக்கு அது ஆகாது.

கம்பு எதனால் ஆனது என்பது அடுத்தது. ஒருமுறை முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளுக்கு நடுவே, ஃபைபர் கம்பு போட்ட கூடாரத்தில் நானும் நண்பரும் தங்கினோம். நள்ளிரவுக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பியபோது, காய்ந்த மூங்கில் பிளப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது; கம்பு குறுக்கே ஒடியாமல் நீளவாக்கில் நாராகப் பிளந்து, அதன் கூரான சிலும்பு, கூடாரத்தின் மேல் மழைக்காகப் போர்த்தும் மேல்விரிப்பை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. விடியும்வரை அந்தக் கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அலுமினியக் கம்பு அதிகமாக வளைந்தால் மடங்குமே தவிர இப்படி நாராகப் பிளக்காது. மடங்கிய இடத்தின் மேல் செருகும் சிறு குழல் ஒன்று கையில் இருந்தால் அந்த இரவைக் கடத்திவிடலாம். ஆகையால் 7001 அல்லது 7075 வகை அலுமினியம் என்று குறிப்பிட்டிருக்கிறதா, பனிமலைக்கு என்றால் குறுக்களவு 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, அந்தக் குழல் பைக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கம்புக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது இழுகயிறு. கயிறு கட்டும் வளையம் வெளித்துணியில் எங்கே தைக்கப்பட்டிருக்கிறதோ, அதற்கு நேர் உள்ளே கம்பைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு துணியை மட்டுமே இழுக்கும், கம்புக்கு அதனால் பயன் இல்லை. விற்பவர்கள் இதைக் காட்டமாட்டார்கள். நீங்களே மேல்விரிப்பைப் புரட்டிப் பாருங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் நம் கடற்கரை மணலில் நிற்பதில்லை, பனியிலும் நிற்பதில்லை. சொத்தவிளை மணலில் நான் செய்வது இது: முழங்கை நீளத் தென்னை மட்டைத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு முழ ஆழக் குழியில் படுக்க வைத்து, கயிறு வெளியேறுவதற்கு மட்டும் சாய்வாக ஒரு சிறு வாய்க்கால் கீறி, மணலைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கிவிடுவேன். மணலில் நேராகக் குத்திய முளை ஒரு கையில் வந்துவிடும்; படுக்கப் புதைத்த மட்டையைப் பிடுங்க வேண்டுமானால் அதன் மேலுள்ள மணல் முழுவதையும் தூக்க வேண்டும். பனிமலையிலும் இதே முறைதான். அங்கே மட்டைக்குப் பதிலாக ஒரு குச்சியையோ பனி நிரப்பிய சிறு பையையோ புதைத்து மிதித்தால், சிறிது நேரத்தில் பனி இறுகிக் கல்லாகிவிடும். இந்தக் கைப்பழக்கத்தை நம் கடற்கரையிலேயே பழகிக்கொண்டு போனால், விறைத்த விரல்களோடு அங்கே புதிதாகக் கற்க வேண்டியிராது.

துணியைப் பொறுத்தவரை, எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைக் கசியாமல் தாங்கும் என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு சாய்ந்து அடிப்பதால் மேல்விரிப்புக்கு 3000, முழங்கால் ஊன்றும் தரைத்துணிக்கு 5000 இருந்தால் நிம்மதி. ஆனால் ஒழுகல் பெரும்பாலும் துணி வழியாக அல்ல, தையல் வழியாகவே வருகிறது. தையல்கள் உட்புறம் நாடாவால் ஒட்டி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் நாடா ஒட்டாது என்பதால், அதற்கென உள்ள பசையை நாமே தையல் மேல் தடவி ஒரு நாள் உலரவிட வேண்டும். நைலான் துணி நனைந்தால் நீண்டு தொய்யும், அதனால் நடு இரவில் எழுந்து கயிறுகளை மீண்டும் இறுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் அப்படித் தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்குகிறது. நம் மாவட்டத்து வெயிலையும் மழையையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பாலியெஸ்டருக்கு. கிழிசல் பரவாமல் தடுக்கும் கட்டம்போட்ட நெசவு எந்தத் துணியானாலும் வேண்டும்.

இரண்டு அடுக்குக் கூடாரத்தையே வாங்குங்கள். உறங்கும்போது நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த மேல்விரிப்பின் உட்பக்கத்தில் நீராகப் படியும். உள்கூடாரம் தனியாக இருந்தால் அந்த நீர் நம்மேல் சொட்டாமல் வெளியே வழிந்துவிடும். பனிக்கூடாரத்தில் வலைச் சன்னல்களை மூடத் துணிக்கதவும், தரைவரை இறங்கும் மேல்விரிப்பும், உச்சியருகே காற்றுப்போக்கியும் இருக்க வேண்டும். காற்றுப்போக்கி தாழ்வாக இருந்தால் பனி அதை அடைத்துவிடும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பது உயிருக்கு ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சமையலுக்காகவே கதவுக்கு வெளியே திண்ணைபோல் நீளும் முகப்பு இருக்கிறது; அங்கேயும் வெளிக்கதவைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

அளவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருவர் என்று எழுதியிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் இருவர் என்று பொருள். குளிருடுப்பும் பையும் உள்ளே வைக்க வேண்டுமானால் மூவருக்கானதை எடுங்கள். இருவருக்கான பனிக்கூடாரம் மூன்று முதல் ஐந்து கிலோ எடை இருக்கும், சுமக்கப்போவது யார் என்பதை வாங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வாங்கியதும் அப்படியே ரயிலேறிவிடாமல், ஆடி மாதத்தில் ஒரு மாலை, நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு திறந்த காலி நிலத்தில் விரித்துப் பாருங்கள். இவ்வளவு நல்ல சோதனைக்களம் வீட்டருகே அமைவது எல்லா மாவட்டத்தாருக்கும் வாய்க்காது. காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடித்துவிட்டு, பிறகுதான் கம்புகளைச் செருக வேண்டும். கதவு காற்றுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். கயிறுகளைக் கட்டி முடித்து உள்ளே அரைமணி நேரம் உட்கார்ந்து, எந்தக் கம்பு அதிகமாக வளைகிறது, எந்தத் துணி படபடக்கிறது என்று கவனியுங்கள். படபடக்கும் இடம்தான் முதலில் கிழியும். குளிரையும் பனியின் எடையையும் இந்தச் சோதனை காட்டாது. ஆனால் காற்றில் தோற்கும் கூடாரத்தை இங்கேயே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மலைப்பகுதியில் சோதிக்க நினைப்பவர்கள், நம் மலைகளில் பெரும்பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால், முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

எந்தக் கூடாரமும் தாங்காத காற்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடந்தபோது வேரோடு சாய்ந்த ரப்பர் மரங்களைப் பார்த்த நாம், மழைக்காலத்தில் மரத்தடியில் கூடாரம் போடக்கூடாது. மீனவர்களுக்கு வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்த நாளில் கடற்கரையில் தங்குவதும் கூடாது.

திரும்பி வந்தபின், கடலோரத்தில் தங்கியிருந்தால் கம்பு, ஜிப், முளை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு அலுமினியத்தை அரிக்கும், ஜிப்பின் ஓடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நிழலில், மடிப்பு மடிப்பாகத் தொட்டுப் பார்த்து, முழுவதும் உலரவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுருட்டிக் கட்டிப் பரணில் போட்டால், துணியில் நீர் கசியாமலிருக்கப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும். என் கூடாரம் ஒன்றை இரண்டு மழைக்காலம் கழித்து விரித்தபோது புளித்த வாடை அடித்தது, பூச்சு பலாப்பால்போல் விரலில் ஒட்டி உரிந்து வந்தது. அப்படி உரியத் தொடங்கிய துணியைச் சரிசெய்ய வழி இல்லை. இப்போது கம்பை உறைக்குள் தனியாகவும், துணியைப் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகத் திணித்தும் அலமாரியில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்து உதறி, காற்றாடவிட்டு, திரும்ப வைக்கிறேன்.