புரோட்டோடைப்புக்கு ‘நியூ’ வேண்டாம், ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்’ போடுங்கள்

பழைய பாணி ஜாவாஸ்கிரிப்ட் கோடில் ‘வாகனம்’ என்பதிலிருந்து ‘பஸ்’ உருவாக்கும்போது, பஸ்.புரோட்டோடைப்புக்கு (எல்லா பஸ்ஸும் பொதுவாகப் பகிரும் ஆப்ஜெக்ட்) ‘நியூ வாகனம்()’ கொடுக்காதீர்கள்; ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்(வாகனம்.புரோட்டோடைப்)’ கொடுங்கள். பஸ் ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக ‘வாகனம்.கால்(திஸ்)’ வரட்டும்; ‘திஸ்’ என்பது அப்போது உருவாகும் பஸ்.

நியூ போட்டால் வாகனத்தின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷன்) அந்த இடத்திலேயே ஓடி, அதிலுள்ள ‘தரிப்பிடங்கள்’ அரே (பட்டியல்) புரோட்டோடைப்பில் போய் உட்கார்ந்துவிடும். ‘வாகனம்.கால்’ வரியும் இல்லையென்றால் எல்லா பஸ்ஸுக்கும் அந்த ஒரே அரேதான்: கொழும்பின் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸின் பட்டியலில் ‘புஷ்’ செய்து சேர்த்த பம்பலப்பிட்டி, நுகேகொடைப் பக்கம் போகும் 138இலும் தெரியும். எரர் எதுவும் வராது. அதனால்தான் இந்தப் பிழையைப் பிடிப்பது பெரும்பாடு. கிரியேட் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டுவதில்லை, மெதட்களை (ஆப்ஜெக்டின் ஃபங்ஷன்களை) தேடும் வழியை மட்டும் இணைக்கும்.

கிரியேட் வரி, பஸ்ஸின் மெதட்களுக்கு மேலே இருக்கவேண்டும். கீழே போட்டால் அதுவரை சேர்த்த மெதட்கள் பழைய புரோட்டோடைப்போடு போய்விடும். அடுத்த வரியில் பஸ்.புரோட்டோடைப்.கன்ஸ்ட்ரக்டரை மறுபடி ‘பஸ்’ என்று வைத்துவிடுங்கள்.

2015இல் வந்த ‘கிளாஸ் – எக்ஸ்டெண்ட்ஸ்’ முறையில் எழுதுபவர்களுக்கு இது தேவையில்லை. அங்கே ‘திஸ்’ஸைத் தொடுமுன் ‘சூப்பர்()’ அழைத்தால் போதும். அரே, எரர் போன்ற உள்ளமைந்த வகைகளுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. ‘எரர்.கால்(திஸ், செய்தி)’ என்று எழுதினாலும் செய்தி திஸ்ஸில் ஏறாது. அவற்றுக்கு எக்ஸ்டெண்ட்ஸ்தான் சரி.