அம்மாவின் வட்ஸ்அப் யாருடைய நம்பரில் இருக்கிறது?

வெள்ளவத்தையில் மாடிவீடுகள் நிறைந்த எந்த ஒழுங்கைக்குள் இரவு எட்டு மணிக்கு நடந்தாலும் வீடியோ கோல் சத்தம் கேட்கும். லண்டனில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அது. காலையில் என்றால் கனடா. வயதானவர்களின் போன்களில் வட்ஸ்அப், வைபர் போட்டுக் கொடுப்பதும், குழம்பிப்போனால் சரிசெய்து கொடுப்பதும் என் அன்றாட வேலை. வட்ஸ்அப்பில் வீடியோ கோல் 2016 நவம்பரில் வந்தது. அப்போது எல்லாரும் விட்ட அதே பிழைகளைத்தான் இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களும் விடுகிறார்கள்.

கமராவை விரலால் மறைப்பது, கூரையைக் காட்டிக்கொண்டு கதைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை இரண்டு கிழமையில் தானாகவே சரியாகிவிடும். காசையும் மனதையும் சேர்த்துக் கெடுக்கும் பிழைகள் வேறு.

கணக்கு யாருடைய நம்பரில்?

கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா. மகன் ஸ்காபரோவில். ஊருக்கு வந்து போகும்போது தன்னுடைய பழைய சாம்சங் போனை அம்மாவிடம் விட்டுப்போனார். வட்ஸ்அப் ஏற்கெனவே அதில் இருந்தது, அவருடைய பழைய கனடா நம்பரில். படத்தை மாற்றி, பெயரை மாற்றி, "இனி இது உங்கடை" என்று கொடுத்துவிட்டார். அம்மாவின் இலங்கை சிம் வேறொரு சின்ன போனில் இருந்தது. வீட்டில் வைஃபை. எல்லாம் நன்றாகவே ஓடியது.

வட்ஸ்அப் அப்படித்தான். தொடங்கும்போது ஒரு தடவை அந்த நம்பருக்கு 6 இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பிச் சரிபார்க்கும். அதன்பிறகு சிம் போனுக்குள் இருக்கிறதா இல்லையா என்று கேட்காது. அதனால்தான் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கிறது.

ஒருநாள் அந்த சாம்சங்கின் பற்றரி ஊதி, திரை ஒரு பக்கம் கிளம்பி, போன் உயிர் விட்டது. புதிய போனோடு அம்மா வந்தார். பழைய கணக்கைத் திறக்கக் குறியீடு வேண்டும். அது போவதோ கனடா நம்பருக்கு. மகன் அந்த நம்பரை எப்போதோ கைவிட்டிருந்தார். அழைத்துப் பார்த்தோம், யாரோ ஒரு பெண் எடுத்தார். நம்பர் கைமாறிவிட்டது. குடும்பக் குழுவில் அந்த நம்பர் இன்னமும் உறுப்பினராக இருந்ததால் அதை உடனே நீக்கச் சொன்னேன். அந்தப் பெண் நாளைக்கே வட்ஸ்அப் போட்டால், குழுவில் வருவதெல்லாம் அவருக்கும் போகும்.

அம்மாவின் சொந்த நம்பரில் புதுக்கணக்குத் திறப்பது ஐந்து நிமிட வேலை. மகனோடு அன்றைக்கே கதைத்துவிட்டார். ஆனால் பழைய கணக்கில் காலமான கணவரின் குரல் பதிவுகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அனுப்பியவை: "சாப்பிட்டீரா", "கதவைப் பூட்டிப் படும்". அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதி கூகுள் கணக்கொன்றில் சேமிக்கப்படும். அதை மீட்க அதே கூகுள் கணக்கும் வேண்டும், அதே நம்பரும் சரிபார்க்கப்பட வேண்டும். கூகுள் கணக்கு மகனிடம் இருந்தது. நம்பர் யாரிடமோ. "தம்பி, அவற்றை குரலை மட்டுமாவது எடுத்துத் தரேலாதோ?" என்று கேட்டார். எடுக்க முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் பழைய போன் உயிரோடு இருந்தவரை இதைத் தடுப்பது மிக இலகு. வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில், அக்கவுண்ட் பகுதிக்குள், நம்பரை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய நம்பரையும் புதிய நம்பரையும் கொடுத்தால், குறியீடு புதிய நம்பருக்கே வரும். பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும், குழுக்களும் இருக்கும். ஒரே நிபந்தனை, கணக்கு அந்தப் போனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "இப்ப வேலை செய்யுதுதானே அண்ணா, பிறகு பாப்பம்" என்கிறார்கள். அந்தப் பிறகு வரும்போது அவர்கள் டொரொன்டோவில் இருப்பார்கள், அம்மா என் முன்னால் இருப்பார்.

இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸில் பெயரைத் தொட்டால் கணக்கு எந்த நம்பரில் இருக்கிறது என்று தெரியும். அது அம்மாவின் கையில் உள்ள சிம்மாக இருக்க வேண்டும். அந்த சிம் அவருடைய அடையாள அட்டையில் பதிவானதாகவும் இருக்க வேண்டும். வீட்டில் வேலைக்கு நின்றவரின் பெயரிலும், எப்போதோ வாடகைக்கு இருந்தவரின் பெயரிலும் எடுத்த சிம்களை வைத்திருப்பவர்கள் கொழும்பில் நிறையப் பேர். சிம் தொலைந்தால் அதே நம்பரில் மாற்று சிம் வாங்க, பதிவில் உள்ளவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். அவரை எங்கே தேடுவது?

இன்னொன்று. வைஃபை இருக்கிறதே என்று சிம்மைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். நீண்டகாலம் ரீலோட் செய்யாத பிரீபெய்ட் நம்பர் செயலிழந்து, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். கால எல்லை எவ்வளவு என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டு, அதற்குள் சின்னத் தொகையாவது ரீலோட் போடுங்கள்.

அப்புறம், இரட்டைச் சரிபார்ப்புக்கான 6 இலக்கப் பின் நம்பர். இது வட்ஸ்அப் அனுப்பும் குறியீடு இல்லை, அதற்கு மேலதிகமாக நாமே தெரிவுசெய்து போடுவது. அது கட்டாயம் போட வேண்டியதுதான். ஆனால் பேரன் வந்து போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறிவிடுகிறான். பின் தெரியாமல், மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அம்மா மருந்துச் சீட்டு வைக்கும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

குறியீட்டை யாருக்கும் சொல்வது

மகனே கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்பது மகன்தான் என்று எப்படித் தெரியும்? கோயிலில் பழகிய ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி வரும்: "தவறுதலா உங்கடை போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ." அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். நீங்கள் அனுப்பிய மறு நிமிடம் உங்களுடையதும் போகும். அதன்பின் உங்கள் பெயரில் உறவினர்களிடம் "அவசரம், காசு போடுங்கோ" என்று செய்தி போகும்.

நடந்துவிட்டால் பதறாமல் உங்கள் போனில் திரும்ப அதே நம்பரைப் போட்டு, புதிதாக வரும் குறியீட்டைக் கொடுங்கள். கள்ளன் அந்தக் கணமே வெளியேற்றப்படுவான். அவன் இடையில் பின் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகலாம், ஆனாலும் கணக்கு அவன் கையில் இல்லை. உறவினர்களுக்கு சாதாரண அழைப்பில் உடனே சொல்லிவிடுங்கள்.

வீடியோ கோலில் திரையைப் பகிரும் வசதி 2023இல் வட்ஸ்அப்பில் வந்தது. பேரப்பிள்ளை போனைப் பார்த்துச் சொல்லித்தர நல்ல வசதி. முன்பின் தெரியாதவர் "வங்கியிலிருந்து கதைக்கிறேன், திரையைக் காட்டுங்கள்" என்றால் வெட்டிவிடுங்கள். உங்களுக்கு வரும் குறியீடெல்லாம் அவர் கண்ணுக்கும் தெரியும்.

துபாய்க்கு வட்ஸ்அப்பில் எடுக்கப் பார்ப்பது

செய்தி போகும், படம் போகும், கோல் மட்டும் இணையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் அழைப்புகளுக்கு அனுமதி இல்லை. போன்தான் பழுது என்று நினைத்து இங்கே வட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போடுகிறார்கள், குறியீடு வராமல் முதலாவது பிழையில் போய் விழுகிறார்கள். அங்கே அனுமதியுள்ள பொட்டிம் செயலியை இரண்டு பக்கமும் போட்டால் கதைக்கலாம். தடையைச் சுற்றிப்போகும் வீபிஎன் செயலியைப் போடச் சொல்லி அங்குள்ள மகனை வற்புறுத்த வேண்டாம். அங்குள்ள சட்டம் கடுமை, மாட்டினால் போவது அவருடைய வேலை.

நம்பரை 0 போட்டுச் சேமிப்பது

கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு நம்பர். பிரித்தானிய நம்பர் 07 என்று தொடங்கினால் அந்த 0ஐ விட்டுவிட்டு +447 என்று தொடங்க வேண்டும். இல்லையென்றால் வட்ஸ்அப் பட்டியலில் அவர் வரமாட்டார். வராததால் பலர் போனின் சாதாரண டயலரில் அழுத்திவிடுகிறார்கள். அது வெளிநாட்டு அழைப்பு, இலவசம் இல்லை.

ஸ்கைப்பைத் தேடுவது

2025 மே 5ஆம் திகதியோடு மூடிவிட்டார்கள். அந்தப் பெயரில் யாராவது இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள்.

அந்தியேட்டிக்கு இலவச ஸூம்

40 நிமிடத்தில் அறுந்துவிடும். ஐயர் கிரியையின் நடுவில் இருப்பார், கனடாவில் இருக்கும் மகள் வெறும் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். இலவச கூகுள் மீட்டிலும் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம்தான். 32 பேருக்குள் என்றால் வட்ஸ்அப் குழு அழைப்பு போதும், அதற்கு அப்படி எல்லை இல்லை. அதைவிடக் கூட என்றால் உறவினரில் யாராவது ஸூமுக்கு ஒரு மாதம் காசு கட்டட்டும்.

வைஃபையை நம்பி டேட்டாவைத் திறந்து வைப்பது

மாடிவீட்டுச் சுவர்கள் கொங்கிரீட். ரவுட்டர் முன் அறையில், அம்மா பின் அறையில். சிக்னல் விழுந்ததும் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவும், ரீலோட் கரையும். நீண்ட கோலுக்கு முன் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். சிம் டேட்டாவில்தான் கதைக்க வேண்டும் என்றால், செட்டிங்ஸில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் தெரிவை இடுங்கள். சமூக வலைத்தளப் பக்கேஜ் வாங்கும்போது செய்திக்கு மட்டுமா, வீடியோ கோலுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். இரவு டேட்டாவை மாலை ஏழு மணிக்குப் பாவிக்கலாம் என்று நினைத்து ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள்.

மார்ச் மாதக் குழப்பம்

எங்கள் மணிக்கூடு மாறுவதில்லை, அவர்களுடையது மாறும். டொரொன்டோ குளிர்காலத்தில் நமக்கு பத்தரை மணி பின்னால், கோடையில் ஒன்பதரை. லண்டன் ஐந்தரை, நாலரை. டொரொன்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் மாறுவதால், இடையில் இரண்டு மூன்று கிழமை லண்டனும் டொரொன்டோவும் சேரும் குடும்பக் கோல் ஒரு மணி நேரம் பிசகும். அந்தக் கிழமைகளில் நேரத்தை இலங்கைக் கணக்கில் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.