விக்கிப் பக்கத்தை ஏஜென்ட் வழியாக நீக்கும்போது

கன்னியாகுமரி மாவட்ட ஊர்த்தகவல்களுக்கான எங்கள் மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள்) தளத்தில், இரட்டைப் பக்கங்களை நீக்க ஏஐ ஏஜென்டுக்கு (தானாக வேலை செய்யும் ஏஐ நிரலுக்கு) ஏபிஐ டூல், அதாவது தளத்துக்கு நிரல்வழியாகக் கட்டளை அனுப்பும் கருவி கொடுத்தோம். எப்போதும் 'பேட்டோக்கன்' (டோக்கன் தவறு) பிழைதான். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்பது கோரிக்கை நம்மிடமிருந்தே வருகிறது என்று காட்டும் ரகசியக் குறியீடு. அதன் கடைசியில் கூட்டல் குறியும் பின்சாய்கோடும் வரும்; என்கோட் செய்யாவிட்டால் (சிறப்புக் குறிகளை இணையத்தில் அனுப்பத்தக்க குறியீடாக மாற்றாவிட்டால்) கூட்டல் குறி வெற்றிடமாகிவிடும். என்கோட் செய்து, டோக்கன் எடுத்த அதே செஷன் குக்கீயோடு (உள்நுழைவை அடையாளம் காட்டும் தரவோடு) போஸ்ட் முறையில் அனுப்பியதும் பிழை நீங்கியது. கணக்குக்கு நீக்கும் உரிமையும் வேண்டும்.

தலைப்பை நம்பி மட்டும் நீக்க விடாதீர்கள். தோவாளை என்ற ஊர்ப்பெயரின் 'தோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் தட்டலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஏஜென்டின் பட்டியலோ இரண்டு பக்கம் என்று எண்ணி, இருக்கிற ஒரே பக்கத்தையும் நீக்கிவிடும். விக்கி ஒவ்வொரு பக்கத்துக்கும் தரும் பக்க எண்ணைக் கேட்டு, எண் வேறாக இருந்தால் மட்டும் நீக்கச் சொல்லுங்கள். தவறிப்போனாலும் நிர்வாகி மீட்டெடுக்கலாம்.