பழைய ஒமேகா, ரோலெக்ஸ் வாங்குகிறீர்களா? மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

புதுச்சேரியில் பழைய உயர்ரக வாட்ச் விற்பவர் முதலில் சொல்வது, "இது பிரான்ஸ்ல வாங்கினதுங்க." பல நேரம் அது உண்மைதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளிலும், பாரிசில் இருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் நல்ல சுவிஸ் வாட்ச்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி இவ்வளவு பணத்தைக் கொடுக்க முடியாது. சமீபத்தில் ஒரு பழைய ஒமேகா சீமாஸ்டர் வாங்கியபோது நான் பார்த்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. மாடல் எண்ணைக் கேளுங்கள்

"சீமாஸ்டர்" என்பது மட்டும் போதாது, அதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. என்னுடையது 166.010. எண் கிடைத்ததும், பெரிய ஏல நிறுவனங்களின் தளங்களில் அதே எண்ணுள்ள வாட்சின் படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

2. லென்ஸ் வைத்துப் பாருங்கள்

நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். போன் கேமராவை நான் நம்புவதில்லை. அது எழுத்தின் ஓரங்களைத் தானாகவே அழகாக்கிவிடும், நமக்கோ அந்த ஓரம்தான் முக்கியம். ஆறு மணிக்குக் கீழே உள்ள 'ஸ்விஸ் மேட்' எழுத்து ஒரே சீராக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். புதிய ரோலெக்ஸ் என்றால் கண்ணாடியில் ஆறு மணி இடத்தில் ஊசிமுனை அளவில் ஒரு கிரீடம் இருக்கும். 2000-களின் நடுவிலிருந்து, கண்ணாடிக்கு உள்ளே டயலைச் சுற்றிய வளையத்தில் சீரியல் எண்ணையும் பொறிக்கிறார்கள். அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஃபர்ஸ்ட் காப்பி செய்கிறவர்கள் ஒரே எண்ணைப் பல வாட்ச்களில் போட்டுவிடுவார்கள்.

நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல், டிக் டிக்கென்று போனால் டூப்ளிகேட் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை விட்டுவிடுங்கள். இப்போது காப்பிகளிலும் ஆட்டோமேட்டிக் மெஷின் இருக்கிறது. கார்ட்டியர் போன்ற பெரிய கம்பெனிகளே பேட்டரி வாட்சும் செய்கின்றன. வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். இன்றைய ரோலெக்ஸ் மெஷின் நொடிக்கு 8 முறை துடிக்கும், என் வாட்சில் இருக்கும் 565 என்ற ஒமேகா மெஷின் ஐந்தரை முறை. போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், 8 துடிப்புக்கு 30 படத்துக்கு ஒரு முறை முள் நகரும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் போன் உதவும்.

3. பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

பலரும் தயங்கி விட்டுவிடும் இடம் இதுதான். பெட்டி இருக்கிறது, வாரண்டி கார்டு இருக்கிறது, அப்புறம் எதற்குத் திறப்பது என்பார்கள். வாட்சை விட அட்டையைக் காப்பியடிப்பது சுலபம், பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கும். "நீங்களும் வாங்க, உங்க முன்னாடியே திறக்கலாம், கூலி நான் குடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். வாட்ச் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

நேரு வீதிப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் மூடியைத் திருகி எடுத்ததும் செம்பு நிறத்தில் மெஷின் தெரிந்தது. அந்தக் கால ஒமேகா 500 வரிசைக்கு அந்த நிறம்தான். தகட்டில் 565 என்ற எண், பக்கத்தில் சீரியல் எண், மூடியின் உள்பக்கம் 166.010. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 565 தேதி காட்டும் மெஷின், அதனால் டயலில் தேதி ஜன்னல் இருக்க வேண்டும். இருந்தது. பெரியவர் டயலை லென்ஸில் பார்த்துவிட்டு, "மெஷின் ஒரிஜினல் தம்பி, டயல் மட்டும் மறுபடி பெயின்ட் அடிச்சது" என்றார். விற்பவருக்கே அது தெரியாது. அதற்கேற்ப விலை குறைந்தது.

ஒரு வாட்சின் மெஷினையும் வேறொன்றின் டயலையும் சேர்த்து விற்பது முழுப் போலியை விடப் பெரிய தலைவலி. மூடியைத் திறக்காமல் அது பெரும்பாலும் தெரியாது.

4. பணம்

வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் பணத்தைப் பெற்றவருக்கு. பில்லில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கட்டும். வெளிநாட்டில் இருந்து வந்த புது வாட்ச் என்றால் கஸ்டம்ஸ் கட்டிய ரசீதைக் கேளுங்கள். திருட்டு வாட்சா என்று பார்க்க, கார்ட்டியரின் தாய் நிறுவனமான ரிச்மோன்ட் 2023-இல் தொடங்கிய 'என்குவைரஸ்' தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பிறகு சேர்த்தது: மூடியைத் திறந்தால் தண்ணீர் புகாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மூடும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய வாட்சோடு கடலில் இறங்கவே வேண்டாம்.

பிரான்சுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: காப்பி வாட்சைத் தெரிந்தே கட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போலிப் பொருளை வைத்திருப்பதே குற்றம். கஸ்டம்ஸில் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் போடலாம்.