பிடிச்ச நடிகரைப் பத்தி ‘செம்ம’ன்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன எழுதுறது?

"தலைவன் வேற லெவல்", "என்னா நடிப்புடா சாமி", "கண்ணாலயே கதை சொல்றா" இப்படித்தான் நாம எல்லாரும் ஆரம்பிக்கிறோம், சந்தோஷத்துல வாயில வர்றது அதுதான், தப்பே இல்ல. பிரச்சனை என்னன்னா அதுக்கு பதிலா ஒரு "ஆமா ப்ரோ", நாலு நெருப்பு எமோஜி வரும், அதோட பேச்சு படுத்துரும். அந்த ஆளைப் பிடிக்காதவனோ படமே பாக்காதவனோ வந்து "அப்படி என்னதான்யா இருக்கு அவர்கிட்ட"ன்னு கேட்டா நம்மகிட்ட பதில் இருக்காது, உடனே கோவம் வரும், அடுத்தது சண்டைதான். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ற மாதிரி எழுதணும்னா இதையெல்லாம் செஞ்சு பாருங்க.

ஒரே ஒரு சீன் எடுங்க

முப்பது வருஷ கேரியரை ஒரே போஸ்ட்ல அடைக்கப் பாக்காதீங்க, படப்பட்டியல்தான் மிஞ்சும். உங்களுக்கு திரும்பத் திரும்ப ஞாபகம் வர்ற ஒரு சீன், அதுலயும் முடிஞ்சா ஒரு பத்து இருபது செகண்ட், அதை மட்டும் எடுத்துட்டு மூணு தடவை பாருங்க. முதல் தடவை ம்யூட் பண்ணிட்டு, ஏன்னா பாதி நேரம் நமக்குப் புல்லரிக்கிறது பிஜிஎம்மாலதான், அது இல்லாமலும் அந்த முகம் வேலை செய்யுதான்னு தெரியணும். ரெண்டாவது தடவை முகத்தை விட்டுட்டு கையை மட்டும் பாருங்க, முகத்தை எல்லாரும் கன்ட்ரோல் பண்ணிருவாங்க, கையை என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மூணாவது தடவை அவர் வசனம் பேசுற இடத்தை விட்டுட்டு எதிர்ல இருக்கிறவங்க பேசும்போது அவர் என்ன பண்றார்னு பாருங்க, நல்லா பேசுற நடிகருங்க நிறைய இருக்காங்க, நல்லா கேக்குறவங்க கம்மி.

உதாரணத்துக்கு 1931ல வந்த சாப்ளின் படம் சிட்டி லைட்ஸோட கடைசி சீன். அப்ப பேசும் படம் வந்து சில வருஷம் ஆயிருச்சு, சாப்ளின் மட்டும் வசனம் வேண்டாம்னு பிடிவாதமா இருந்தார். கண்ணு தெரியாம இருந்த பூக்காரப் பொண்ணுக்கு இப்ப பார்வை வந்துருச்சு, தனக்கு உதவினது ஒரு பணக்காரன்னு நெனச்சுட்டு இருக்கா, உண்மையில உதவினது எதிர்ல நிக்கிற கிழிஞ்ச துணி போட்ட நாடோடி, அதாவது சாப்ளின். பாவம்னு காசு குடுக்கும்போது அவன் கையைத் தொடுறா, தொட்ட அந்த நொடியிலதான் யாருன்னு புரியுது. அப்ப சாப்ளினைப் பாருங்க, பூ வெச்சிருக்கிற கை வாய்க்கிட்ட இருக்கு, விரலைக் கடிக்கிற சின்னப் பையன் மாதிரி, சிரிக்கிறார், ஆனா 'இவ்ளோதாம்மா நான்'னு ஒரு கூச்சமும் பயமும் அந்தச் சிரிப்புக்குள்ளயே இருக்கு. "சாப்ளின் அழ வெச்சுட்டார்"னு எழுதினா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க. "பூ வெச்சிருக்கிற அந்தக் கையைப் பாருங்க, சிரிப்பை பாதி மறைச்சு வெச்சிருக்கு"ன்னு எழுதுங்க, படிச்சவன் போய் பாத்துட்டு வந்து "இல்லங்க எனக்கு அது மறைக்கிற மாதிரி தெரியல"ன்னாவது சொல்லுவான், அப்பத்தான் பேச்சே ஆரம்பிக்குது.

எழுதும்போது முதல்ல அவர் என்ன செஞ்சார்னு சொல்லிட்டு அப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. நாம பெரும்பாலும் தலைகீழா பண்றோம், "நான் அழுதேன், தியேட்டர்ல எல்லாரும் அழுதாங்க, வீட்டுக்கு வந்தும் அழுதேன்"னு நம்ம கண்ணீர்லயே பத்தி முடிஞ்சிரும், நடிகரைக் காணோம்.

இன்னொண்ணு, ரோல் பெருசா சின்னதான்னு பாக்காதீங்க. சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ் படத்துல ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில இருக்கிறது கொஞ்ச நேரம்தான், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத்தான் போச்சு. ஷேக்ஸ்பியர் இன் லவ்ல ஜூடி டெஞ்ச் வர்றது இன்னும் கம்மி, பத்து நிமிஷம் கூட இருக்காது, துணை நடிகை ஆஸ்கர் வாங்கினாங்க. ஹீரோவைப் பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு, ரெண்டு சீன்ல வந்துட்டு போற ஆளைப் பத்தி நீங்க எழுதினா அதை யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க.

பாராட்டு சரியான ஆளுக்குத்தான் போகுதா?

இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம், ரசிகருங்க சண்டையில பாதி இங்கதான் கிளம்புது. நூறு வருஷம் முன்னாடி ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு டைரக்டர் ஒரு வேலை பண்ணார். ஒரு நடிகரோட சாதாரண முகத்தை, அதே ஷாட்டை, ஒரு தடவை சூப் தட்டுக்குப் பக்கத்துல வெட்டி ஒட்டினார், இன்னொரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்துல. பாத்தவங்க "பசியை எப்படிக் காட்றான் பாரு, சோகத்தை எப்படிக் காட்றான் பாரு"ன்னு அசந்து போனாங்கன்னு சொல்லுவாங்க. முகம் மாறவே இல்ல, மாறினது எடிட்டிங். அதனால "எந்த ரியாக்ஷனும் குடுக்காமலே எல்லாத்தையும் சொல்லிட்டார்"னு எழுதுறதுக்கு முன்னாடி முன்னயும் பின்னயும் இருக்கிற ஷாட் என்னன்னு ஒரு தடவை பாத்துருங்க.

குரலும் அப்படித்தான். மை ஃபேர் லேடில ஆட்ரி ஹெப்பர்ன் பாடுற பாட்டுல பெரும்பகுதி மார்னி நிக்சன்ங்கிற பாடகி பாடினது. அதனால ஹெப்பர்ன் சும்மா வாயசைச்சாங்கன்னு அர்த்தம் இல்ல, அடுத்தவங்க குரலுக்கு உடம்பால உயிர் குடுக்கிறதும் ஒரு வேலைதானே, ஆனா "என்னா குரல்"னு எழுதினா அந்தப் பாராட்டு வேற ஒருத்தரோடது. நமக்குப் பிடிச்ச நடிகையோட 'அந்த வாய்ஸ்' டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டோடதா இருந்தா அவங்க பேரையும் போடுங்க, நம்ம ஹீரோயின் ஒண்ணும் குறைஞ்சு போயிற மாட்டாங்க. டைரக்டர் பண்ணதா நடிகர் பண்ணதான்னு குழப்பம் வந்தா ஒரு வழி இருக்கு, அதே ஆளை வேற டைரக்டர் படத்துல பாருங்க, அங்கயும் அந்தக் குணம் இருந்தா அது அவரோட சொத்து.

மாடலைப் பத்தி எழுதுறது இன்னும் கஷ்டம்

ஏன்னா வசனம் இல்ல, கதை இல்ல, "அழகு"ன்னு ஒரு வார்த்தையோட முடிச்சிர்றோம். அழகு அவங்க பொறக்கும்போது வந்தது, அதுல பேச என்ன இருக்கு. வேலையைப் பாருங்க. 1955ல ரிச்சர்ட் அவெடான் பாரிஸ்ல ஒரு சர்க்கஸ்ல எடுத்த ஃபோட்டோ, டொவிமாங்கிற மாடல் யானைங்களுக்கு நடுவுல நிக்கிறது, தேடினா உடனே வந்துரும். கறுப்பு கவுன், இடுப்புல இருந்து தரை வரைக்கும் வெள்ளைத் துணி. சுத்தி இருக்கிற யானைங்க அசைஞ்சுட்டு இருக்கு, கால்ல சங்கிலி தெரியுது, நடுவுல இவங்க யானைங்க பக்கம் கையை நீட்டிட்டு ஒரு கோடு மாதிரி நிக்கிறாங்க. கழுத்துல இருந்து விரல் நுனி வரைக்கும் எந்த இடத்துலயும் பயம் இல்ல. அந்த உடம்பை அப்படி நிறுத்தினதுதான் மாடலோட வேலை, லைட்டும் ஆங்கிளும் அவெடானோட வேலை, கவுன் டியோர் கம்பெனி, அப்ப அங்க அசிஸ்டன்டா இருந்த சின்ன வயசு ஈவ் செயின்ட் லாரன்ட் டிசைன் பண்ணது. இப்படிப் பிரிச்சுப் பாத்தா பேச எவ்ளோ இருக்கு பாருங்க.

ராம்ப் வாக்னா வீடியோவை ஸ்லோ பண்ணி இடுப்பு, தோள், பார்வை எங்க இருக்குன்னு பாருங்க, திரும்புற இடத்துல துணி எப்படி சுத்துதுன்னு பாருங்க. எனக்குப் பிடிச்சது என்னவோ 1993ல டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டோட ஷோவுல மாடல் நவோமி கேம்ப்பெல் விழுந்ததுதான். அந்த ஷூவோட உசரத்துக்கு நிக்கிறதே பெரிய விஷயம், கால் மடங்கி அப்படியே உக்காந்துட்டாங்க, உக்காந்தபடியே சிரிச்சாங்க பாருங்க, எழுந்து மறுபடி நடந்தாங்க. அந்த ஷூ இப்ப லண்டன் வி அண்ட் ஏ மியூசியத்துல இருக்கு. குறையே இல்லாத நூறு வாக்கை விட அந்த சிரிப்பைப் பத்தி எழுதத்தான் எனக்கு நிறைய இருக்கு.

ஷேர் பண்றதுக்கு முன்னாடி

நடிகர் ஃபோட்டோவுக்குக் கீழ ஒரு தத்துவம் போட்ட கார்டு வந்தா சந்தேகப்படுங்க. "அழகான கண்ணு வேணும்னா மத்தவங்ககிட்ட இருக்கிற நல்லதைப் பாரு"ங்கிற மாதிரி வர்ற அழகுக் குறிப்பு ஆட்ரி ஹெப்பர்ன் எழுதினதுன்னு ஊரெல்லாம் சுத்துது, அதை எழுதினது சாம் லெவன்சன்ங்கிற அமெரிக்க எழுத்தாளர். எந்தப் பேட்டி, எந்த வருஷம்னு தெரியலைன்னா மேற்கோள் குறி போடாதீங்க, அவ்ளோதான்.

ஏழையா இருந்து ஸ்டார் ஆன கதைங்கள்ல இன்னும் ஜாக்கிரதை. சோமாலியாவுல பொறந்த இமான்ங்கிறவங்க மாடலா அமெரிக்கா வந்தப்போ, ஆப்பிரிக்காவுல ஆடு மேய்ச்சுட்டு இருந்த பொண்ணைக் கண்டுபிடிச்சதா ஃபோட்டோகிராஃபர் பீட்டர் பியர்ட் கதை கட்டி விட்டார். உண்மையில அவங்க நைரோபி யுனிவர்சிட்டில அரசியல் படிச்சுட்டு இருந்தவங்க, பல மொழி தெரிஞ்சவங்க. கேக்க நல்லா இருந்த பொய் அவங்க படிப்பையே மறைச்சுருச்சு. ரசிகரா நாம பரப்புற கதை அந்த ஆளை உயர்த்துதா, இல்ல விளம்பரத்துக்கு வசதியா சுருக்குதான்னு கொஞ்சம் பாருங்க.

யார் பெரியவர் சண்டை

வரத்தான் செய்யும். அவார்டு கணக்கை மட்டும் எடுக்காதீங்க, எடுத்தா உங்களுக்கே திரும்பும். மெரில் ஸ்ட்ரீப்புக்கு 21 ஆஸ்கர் நாமினேஷன், 3 ஜெயிச்சாங்க, கேத்தரின் ஹெப்பர்ன் 4 ஜெயிச்சாங்க, பீட்டர் ஓ'டூல் 8 தடவை நாமினேட் ஆகி ஒண்ணு கூட ஜெயிக்கல, நடுவுல 2003ல ஒரு கௌரவ ஆஸ்கர் குடுத்ததோட சரி. இதை வெச்சு ஓ'டூல் சுமாரான நடிகர்னு யாராச்சும் சொல்ல முடியுமா?

ஒப்பிட்டே ஆகணும்னா ஒரே மாதிரி வேலையை ஒப்பிடுங்க. 1964ல நவராத்திரில சிவாஜி 9 வேஷம் போட்டார், அதே வருஷம் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்ல பீட்டர் செல்லர்ஸ் 3 வேஷம். ஒம்போது பெருசா மூணு பெருசான்னு கேட்டா அது கணக்குப் பாடம். வேஷம் மாறும்போது நடை மாறுதா, மூச்சு விடுற வேகம் மாறுதா, மேக்கப்பைக் கழட்டிட்டாலும் எந்த வேஷம்னு அடையாளம் தெரியுமான்னு கேளுங்க, ரெண்டு பக்க ரசிகருங்களும் படத்தைத் திரும்பப் போட்டுப் பாப்பாங்க. நம்ம ஆள் சொதப்பின படத்தை நாமளே சொல்லிரணும், ஒண்ணு ரெண்டு படத்தை "இது ஆகல"ன்னு ஒத்துக்கிட்டவன் பாராட்டும்போதுதான் அடுத்தவன் நம்புவான்.

எது வரைக்கும்

1956லயே ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேர் டிவி பாக்குறவங்களைப் பத்தி எழுதியிருக்காங்க, திரையில இருக்கிறவங்க நம்மகிட்டயே பேசுற மாதிரி இருக்கிறதால அவங்களை நேர்ல தெரிஞ்ச மாதிரி ஆயிருது, ஆனா உறவு ஒரு பக்கம்தான்னு. இப்ப ஃபோன்ல தினமும் அவங்க ஸ்டோரி பாக்குறோம், அந்த மயக்கம் இன்னும் ஜாஸ்தி. அந்தப் பாசம் தப்பில்ல, ஆனா அதை வெச்சு உரிமை எடுத்துக்காதீங்க. யாரை கட்டிக்கிட்டாங்க ஏன் பிரிஞ்சாங்க, வெயிட் போட்டுட்டாங்க, மூக்கை சரி பண்ணாங்களா, இதெல்லாம் நடிப்பைப் பத்தின பேச்சு இல்ல. அவங்க குழந்தைங்க ஃபோட்டோ வேண்டவே வேண்டாம். முகத்தை ஒட்டி ஏஐல செஞ்ச ஆபாசப் படம் வந்தா 'ஃபேக் தான்'னு சொல்லிக்கூட ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, ரிப்போர்ட் பண்ணிட்டு அழிச்சிருங்க.

மாடலுங்க விஷயத்துல வயசையும் பாருங்க. 1966ல ட்விக்கி அந்த வருஷத்தோட முகம்னு பேப்பர்ல வந்தப்போ அவங்களுக்கு 16 வயசு. பழைய ஃபோட்டோ போட்டு "ஹாட்"னு எழுதுறதுக்கு முன்னாடி எடுத்த வருஷத்தையும் பொறந்த வருஷத்தையும் கழிச்சுப் பாத்துருங்க.

கடைசியா, "இவர் படம் ஒண்ணும் பாத்ததில்ல, எங்க ஆரம்பிக்கலாம்"னு புதுசா ஒருத்தர் கேட்டா மொத்த லிஸ்ட்டையும் தலையில கொட்டாதீங்க. ஒரு படம் சொல்லுங்க, அதுல எந்த சீனை கவனிக்கணும்னு சொல்லுங்க, அங்க என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. பாத்துட்டு வந்து பிடிக்கலைன்னு சொன்னா ஏன்னு கேளுங்க.