தெரியாத ஏரியால ஃபிளாட் வாங்கலாமா? தாம்பரம் பக்கம் அலைஞ்ச உச்சிப்புளிக்காரன் சொல்றேன்

நம்ம ராமநாதபுரம் பக்கம் இப்ப யாரக் கேட்டாலும் மெட்ராஸ்ல ஒரு ஃபிளாட் வாங்கிப் போடணும்ங்கிறாய்ங்க. மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் இதே பேச்சுதான், அதுலயும் தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம்தான் கண்ணு. காரணம் புரியுது. நம்ம பஸ்ஸு கிளாம்பாக்கத்தோட நின்னுருது, 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் தெறந்தப்ப விட்ட ரயிலும் தாம்பரம் வரைக்கும்தான், பொட்டியத் தூக்கிட்டு எறங்குனா வீடு பக்கத்துல இருக்கணும்னு தோணத்தான் செய்யும். ஆனா எறங்குற ஸ்டேஷன் தெரியும்ங்கிறதுக்காக அந்த ஏரியாவே தெரிஞ்சுபோச்சுனு நெனச்சிராதீக.

நான் இதுல சூடுபட்டவன். 2023 ஆடில ஆஃபர்னு சொல்லி கார் பார்க்கிங் ஃப்ரீ, மாடுலர் கிச்சன் ஃப்ரீனு ஒரு பில்டர் கூப்புட்டாரு, போய்ப் பாத்தா தரை காஞ்சு பளிச்சுனு கெடந்துச்சு, அன்னைக்கே 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன். டிசம்பர்ல மிக்ஜாம் புயல். மழை விட்டு மூணாவது நாள் போறேன், அந்தத் தெருவுல படகு ஓடுது. போட்டுலயே வளந்தவன்தான், ஆனா நான் வீடு வாங்கப்போற தெருவுல போட்டப் பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு. அட்வான்ஸத் திருப்பி வாங்க பதினாலு மாசம் ஆச்சு, அதுலயும் 50,000 புடிச்சுக்கிட்டாரு. இப்ப எங்க மதினிக்காக மறுபடியும் அந்தப் பக்கமே அலைஞ்சோம், அண்ணன் துபாய்ல, பிள்ளைக படிப்புக்கு மெட்ராஸ் வேணும்னு ஒரே புடி. இந்தத் தடவ கத்துக்கிட்டத எழுதுறேன்.

மொதல்ல தண்ணி. வீட்டோட டைல்ஸ், கப்போர்டெல்லாம் அப்புறம். ஆடில ஆஃபர் போடுறாய்ங்கன்னா ஆடில தரை காஞ்சு கெடக்கும்ங்கிறதும் ஒரு வசதிதான் அவுகளுக்கு. நீங்க போய்ப் பாக்க வேண்டியது ஐப்பசி கார்த்திகை அடைமழைல. ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு மெயின்ரோட்டுல இருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் நடந்து போங்க, கார்ல போகாதீக, கார்ல போனா எங்க முழங்கால் நனையுதுனே தெரியாது.

மழைக்காலம் வரைக்கும் பொறுக்க முடியாதுன்னா, தண்ணி விட்டுட்டுப் போன அடையாளத்தப் பாருங்க. காம்பவுண்டு சுவர்ல ஒரே மட்டத்துல கோடு மாதிரி கறை இருக்கும். பழைய வீடுகள்ல ஈபி மீட்டர் பொட்டிய ஆள் ஒயரத்துக்கு மேல தூக்கி மாட்டிருப்பாய்ங்க, வாசப்படில திடீர்னு ரெண்டடி புதுசா கட்டிருப்பாய்ங்க. ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துல எறங்கிருக்கும், அந்தத் தெருவுல நீங்க வாங்கப்போற புதுக் கட்டடம் மட்டும் ஒசந்து நின்னா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வராது, ஆனா நீங்களும் வெளிய வர முடியாது.

அப்புறம் விசாரிக்கிற விதம். "இங்க தண்ணி நிக்குமா"னு கேட்டா எல்லாரும் "சேச்சே, இங்கல்லாம் நிக்காது சார்"ம்பாய்ங்க, அவனவன் வீட்டு வெல எறங்கிரும்ல. "2015ல இங்க எம்புட்டு தண்ணி நின்னுச்சுண்ணே, 2023ல எம்புட்டு"னு கேளுங்க. இஸ்திரி போடுறவரு, ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், இவுகதான் சரியான ஆளு. வாய் பதில் சொல்றதுக்கு முன்னாடி கை முட்டியவோ இடுப்பவோ காட்டிரும். நான் ஒரு தெருவுல இஸ்திரிக்காரர்கிட்ட கேட்டேன், அவரு வண்டியோட மேல் பலகையத் தொட்டுக் காட்டுனாரு. அதோட அந்தத் தெருவ விட்டாச்சு.

ஊர் பேரும் பேசும். நம்ம பக்கம் ஏந்தல்னு முடிஞ்சா அது தண்ணி நின்ன எடம்னு நமக்குத் தெரியும்ல, அங்க அதுக்குத் தாங்கல்னு பேரு, நம்ம கண்மாய்தான் அங்க ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெருனு இருந்தா ரெண்டு தடவ யோசிங்க. லேக் வியூனு பேரு வச்சு சதுர அடிக்கு எக்ஸ்ட்ரா வாங்குறாய்ங்க, கார்த்திகைல அந்த வியூ வீட்டுக்குள்ளயே வந்துரும். முடிச்சூர், வரதராஜபுரத்துல 2015 டிசம்பர்ல அடையாறு பண்ணுனத டிவில பாத்தோம். இந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நெலம், 2022ல உலக அளவுல முக்கியமான சதுப்பு நெலங்களோட ராம்சர் பட்டியல்ல சேத்துருக்காக, சதுப்பு நெலம்னாலே சுத்துப்பட்டு தண்ணி வந்து தங்குறதுக்குனு இருக்குற எடம், அது பக்கத்துல கட்டுனா தண்ணி எங்க போகும். அதுக்காக அந்த ஏரியாவே வேணாம்னு சொல்லல, ரெண்டு தெரு தள்ளுனா மேடா இருக்கும், அதத்தான் நடந்து கண்டுபுடிக்கணும்.

மேல் மாடி எடுத்தா தப்பிச்சோம்னு நெனைக்காதீக. கீழ ஸ்டில்ட் பார்க்கிங்ல, அதான் தூணுக்கு நடுவுல வண்டி நிறுத்துற எடத்துல, தண்ணி ஏறுனா லிஃப்ட் நிக்கும், கரண்ட்ட நிறுத்துவாய்ங்க, சம்ப்புல, அதான் தரைக்கு அடில இருக்க தண்ணித் தொட்டில, சாக்கடை கலந்துரும். நாலாவது மாடில குடிக்கத் தண்ணி இல்லாம எங்க அப்பத்தா மாதிரி ஒரு வயசானவுகள வச்சுக்கிட்டு மூணு நாள் இருக்க முடியுமானு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது குடிக்கிற தண்ணி. உப்புத்தண்ணி குடிச்சு, காவிரிக் கூட்டுக்குடிநீர் என்னைக்கு வரும்னு குடத்த வச்சுக் காத்துக் கெடந்த ஊரு நம்மளது, இதுல நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். மதினி ஒவ்வொரு வீட்டுலயும் மொதல்ல கேட்டது "போர் தண்ணில பருப்பு வேகுமா"ங்கிறதுதான், புரோக்கர் முழிச்சாரு. பாத்ரூம் பைப்புல வெள்ளையா படிஞ்சிருக்கானு பாருங்க, சோப்பு நொரைக்குதானு பாருங்க. டிடிஎஸ் மீட்டர்னு தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவக் காட்டுற பேனா மாதிரி ஒண்ணு கம்மி வெலைல ஆன்லைன்ல கெடைக்குது, நம்ம நாட்டுக் குடிநீர் தரத்துல 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு வச்சிருக்காக. நாங்க பாத்த ஒரு வீட்டுல 1,900 காட்டுச்சு, அதுக்கு நான் உச்சிப்புளிலயே இருந்துருவேன்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தரல, அலைஞ்சு அலைஞ்சு நானா கவனிச்சது: கரண்டு போஸ்ட்டுல ஒட்டிருக்க நோட்டீஸப் படிங்க. தண்ணி லாரி, செப்டிக் டேங்க் க்ளீனிங் நம்பரா ஒட்டிருந்தா அங்க குடிதண்ணிக் கனெக்ஷனும் இல்ல, பாதாளச் சாக்கடையும் இல்லனு அர்த்தம். மாசாமாசம் மெயின்டனன்ஸ்ல பாதி லாரிக்கே போயிரும். ட்யூஷன், டிபன், தையல்னு ஒட்டிருந்தா அங்க குடும்பம் இருக்கு.

ஒரு தடவ பகல்ல, ஒரு தடவ ராத்திரி ஒம்பதரைக்கு மேல, ஒரு தடவ ஸ்கூல் நேரத்துல காலைல எட்டு மணிக்கு, மூணு தடவயாவது போங்க. ராத்திரி ஸ்டேஷன்ல இருந்து பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு நடந்து பாருங்க, நாய், லைட்டு, டாஸ்மாக் எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். "தாம்பரம் பத்து நிமிஷம்"னு போர்டுல போட்டிருந்தது காலைல எட்டு மணிக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. ஜிம்மு, நீச்சல்குளமெல்லாம் நான் பாக்குறதே இல்ல, கடல்ல குளிச்சவனுக்கு அந்தத் தொட்டி எதுக்கு.

கடல் பாக்காம இருக்க முடியாதுனு ஈசிஆர் பக்கம் தேடுற நம்மாளுகளுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காத்து இரும்ப என்ன பண்ணும்னு நம்ம வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும். பத்து வருசப் பழைய கட்டடமா இருந்தா பால்கனிக்கு அடில போய் நிமிந்து பாருங்க, சிமெண்ட்டு பேந்து துருப்புடிச்ச கம்பி தெரிஞ்சா, பெயிண்ட் எவ்வளவு புதுசா இருந்தாலும் வேணாம்.

இப்ப பேப்பர். மீன் வாங்குனா செவுளத் தூக்கிப் பாக்குறோம், 60 லட்சம் குடுக்குறதுக்கு முன்னாடி மூலப்பத்திரத்தப் பாக்க மாட்டேங்கிறோம். வில்லங்கச் சான்று, அதான் ஈசி, பதிவுத்துறை சைட்டுலயே பாக்கலாம், 30 வருசத்துக்குப் போட்டுப் பாருங்க. பட்டா யாரு பேருல இருக்கு, அந்த சர்வே நம்பர் பழைய கணக்குல நீர்நிலைப் புறம்போக்கானு பாக்கணும். நெலம் 500 சதுர மீட்டருக்கு மேலயோ வீடு எட்டுக்கு மேலயோ இருந்தா ரெரால, அதான் வீடு கட்டி விக்கிறவுகளக் கண்காணிக்கிற அரசு அமைப்புல, பதிவு கட்டாயம், நம்பர வாங்கி சைட்டுல நீங்களே தட்டிப் பாருங்க, நோட்டீஸ்ல போட்டிருக்க நம்பர நம்பாதீக. சிஎம்டிஏ, அதான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், குடுத்த பிளான்ல எத்தன மாடி, எதுக்க நிக்கிறது எத்தன மாடினு எண்ணுங்க. கட்டி முடிச்ச வீடுன்னா, பிளான்படி வேலை முடிஞ்சுதுனு குடுக்குற நிறைவுச் சான்று கேளுங்க. வக்கீல நீங்களே புடிங்க, பில்டர் வக்கீல் பில்டருக்குத்தான் வக்கீல். பேங்க்கு லோன் தருது அதனால பேப்பர் சுத்தம்ங்கிற பேச்செல்லாம் வேணாம், பேங்க்கு அவுக காசுக்குப் பாக்குறாக.

யுடிஎஸ்ஸ மறக்காதீக, கட்டடம் நிக்கிற நெலத்துல உங்க பேருக்கு வர்ற பங்குதான் அது. ரெண்டு கிரவுண்டுன்னா 4,800 சதுர அடி, அதுல ஒரே அளவுல எட்டு வீடுன்னா ஆளுக்கு 600 வரணும். எங்களுக்கு ஒருத்தர் 380னு சொன்னாரு, மிச்சம் எங்கண்ணேனு கேட்டதுக்கு அப்புறம் போன் பண்றேன்னாரு, இன்னும் பண்ணல. அதே மாதிரி 1,000 சதுர அடினு சொன்னா டேப்ப எடுத்து உள்ள அளங்க, மாடிப்படி, லிஃப்ட்டு, வராண்டா எல்லாம் சேத்துத்தான் அந்த ஆயிரம், அளந்தா கார்ப்பெட் ஏரியா எழுநூத்திச் சொச்சம் நிக்கும்.

காசு கணக்குல சொன்ன வெலையோட நிக்காது. புது ஃபிளாட்ட பில்டர்கிட்ட நேரா வாங்கும்போது, 2023 டிசம்பர்ல வந்த முறைப்படி, 50 லட்சம் வரைக்கும் பத்திரச் செலவு 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 7. பழைய வீட்ட இன்னொருத்தர்கிட்ட வாங்குனா 9. கட்டிக்கிட்டு இருக்கும்போதே வாங்குனா ஜிஎஸ்டி 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ள அடங்குற சின்ன வீடுன்னா 1, நிறைவுச் சான்று வந்தப்புறம் வாங்குனா ஜிஎஸ்டியே இல்ல. 50 லட்சம், அதுக்கு மேலன்னா விக்கிறவருக்குக் குடுக்குற பணத்துல 1 சதவீதம் வரி, அதான் டிடிஎஸ், புடிச்சு நீங்கதான் அரசாங்கத்துக்குக் கட்டணும் (தண்ணில ஒரு டிடிஎஸ், வரில ஒரு டிடிஎஸ், மதினி கொழம்பிட்டாக). விக்கிறவரு வெளிநாட்டுல இருக்குறவரா இருந்தா இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, புடிக்க வேண்டியது ரொம்பக் கூட, ஆடிட்டரக் கேட்டுட்டுச் செய்ங்க. அண்ணன் மாதிரி வெளிநாட்டுல இருந்துக்கிட்டு வாங்குறவுக வீட்டுல இருக்குறவுகளுக்கு பவர், அதான் அதிகாரப் பத்திரம், எழுதுனா இந்தியத் தூதரகத்துல கையெழுத்து வாங்கி, இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்பு கட்டிரணும். பவர சொந்தக்காரங்களுக்குள்ள வச்சுக்கோங்க, பில்டர் ஆளுக்கு எழுதிக் குடுத்துட்டு அழுதவுக நம்ம ஊர்லயே இருக்காக.

அட்வான்ஸ். பதிவு செஞ்ச அக்ரிமெண்ட் இல்லாம வெலைல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுனு ரெரா சட்டமே சொல்லுது, அதுக்காக 10 குடுக்கணும்னு இல்ல. வாங்கலன்னா எத்தன நாள்ல எவ்வளவு திரும்பும்னு எழுத்துல வாங்குங்க, நான் வாங்கல, அதான் 50,000 போச்சு. "இன்னைக்கு சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாக"ம்பாரு புரோக்கர். வரட்டும்.

கடைசியா எங்களுக்கு ஒத்து வந்தது என்னன்னா வாடகை. 45 லட்சம் லோன், 8.5 சதவீதம், இருவது வருசம்னா மாசம் சுமாரா 39,000 தவணை. அதே மாதிரி வீடு எங்களுக்கு 16,000 வாடகைக்குக் கெடச்சுச்சு, ரெண்டு தெரு தள்ளி. பதினோரு மாச அக்ரிமெண்ட் போட்டு மதினியும் பிள்ளைகளும் இப்ப சேலையூர்லதான் இருக்காக, பால்காரர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரையும் மூணே மாசத்துல பழக்கம் புடிச்சுட்டாக, எந்த பில்டர் கட்டடத்துல செவுரு ஓதம் ஏறுது, எந்த அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன் சண்டைனு எனக்கே போன்ல சொல்றாக. வர்ற கார்த்திகை மழையப் பாத்துட்டுத்தான் பேச்சேனு அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சு. அந்த ஆடி ஆஃபர் ஆளு மட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் போட்டுக்கிட்டே இருக்காரு.